அழுகையை மட்டும் எடுத்துக்கொண்டவள்

என் அம்மாவின் பேச்சை வேறொருத்தி மேடையில் பேசியபோது, அம்மா என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விழா அது. மேடையில் பேசியவள் என் தோழி. முன்பல்லில் கறுப்பு மை தடவி, வாயில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியிருந்தாள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவளை நான் மன்னிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பவர்கள் கடைசியில் ஏமாற வேண்டாம்.

நான் பிறந்து வளர்ந்தது பூந்தமல்லிக்குப் பக்கத்தில் சென்னீர்குப்பம். அம்மா கல்யாணமாகி வந்தபோது நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கமெல்லாம் வயல். அதில் நாற்று நட்டாள், களை பறித்தாள். ஒரு சாண் நிலம்கூட எங்களுடையது இல்லை. வயல் மனையானபோது அங்கேயே சித்தாளாக மண் சுமந்தாள். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்த பிறகு என்னைப் படிக்க வைத்தார்கள். இப்போது அதே எஸ்டேட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அப்பா இறந்த பிறகு, அம்மாவை அழைத்துக்கொண்டு இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்தேன்.

குடியிருப்பில் முக்கால்வாசிப் பேர் வெளியூர்க்காரர்கள். திருச்சி, மதுரை, சேலம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஐ.டி. வேலைக்கு வந்தவர்கள். லிஃப்டில் புதிதாகப் பார்ப்பவர்கள் "உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்பார்கள். "இதே ஊருதான்" என்றால் சிரிப்பார்கள். "அது சரிங்க, அதுக்கு முன்னாடி?" என்பார்கள். அதற்கு முன்னாடியும் இதே ஊர்தான் என்று சொன்னால் பேச்சு நின்றுவிடும். நானும் லிஃப்டில் ஒரு தமிழும் வீட்டில் ஒரு தமிழும் பேசப் பழகிக்கொண்டேன். அம்மாவுக்கு அது வராது. வெளியே இருந்தாலும் உள்ளே இருந்தாலும் "இன்னா, எப்டி கீற?" தான்.

என் தோழி கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து கணவனுடன் வந்தவள். எங்கள் வீட்டுக்கு நேர் மேலே நான்காவது மாடி. கல்லூரியில் நாடகம் போட்டவள். இங்கே வந்து ஓராண்டு யாரோடும் ஒட்டாமல் இருந்தாள். பூந்தமல்லியில் ஒரு தியேட்டரில், இடைவேளையில், என்னைப் பார்த்துவிட்டு, "நீங்க நம்ம ஃபிளாட்தானுங்களே?" என்று ஓடிவந்தாள். அன்றிலிருந்து எந்தப் புதுப்படம் வந்தாலும் இருவரும் சேர்ந்துதான் போனோம். நாடகம் பற்றியும் நடிப்பு பற்றியும் அவள் பேசினால் நேரம் போவது தெரியாது. "இந்த ஊர்ல எனக்குன்னு ஒருத்தி இருக்காங்கன்னா அது நீங்கதானுங்க" என்று அடிக்கடி சொல்வாள். அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறந்த ஊரிலேயே வெளியாளாக நின்றவளுக்கு, எங்கிருந்தோ வந்த ஒருத்தி இடம் கொடுத்த மாதிரி.

ஒருமுறை நட்பைப் பற்றிய படம் ஒன்று பார்த்துவிட்டு வெளியே வந்தோம். கதாநாயகனின் நண்பன் குப்பத்துக்காரன். என் வீட்டுத் தமிழ் பேசுவான், முதல் பாதி முழுக்கச் சிரிக்க வைப்பான், பிறகு நண்பனுக்காகக் கத்திக்குத்து வாங்கிச் சாவான். என் தோழி கைக்குட்டை நனைய அழுதிருந்தாள்.

"ஏன் எப்பவும் அவனே சாகறான்?" என்று கேட்டேன்.

"அவன் செத்தாத்தானுங்களே நட்பு எவ்வளவு பெருசுன்னு தெரியும்" என்றாள்.

அவள் அதை யோசிக்காமல் சொன்னாள். நானும் யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

வீட்டில் நானும் அம்மாவும் பேசிக்கொள்வதை அவள் ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டாள். "ஐயோ, இப்படியெல்லாம் பேசுவீங்களா நீங்க? அப்படியே சினிமா மாதிரி இருக்குதுங்க!" என்று கைதட்டினாள். அதன்பிறகு அம்மாவைப் பேசவைத்துக் கேட்பது அவளுக்கு ஒரு விளையாட்டு. அம்மாவுக்கும் அவளைப் பிடித்திருந்தது. கேட்க ஆள் இருந்தால் அம்மாவிடம் கதைக்கா பஞ்சம்!

அம்மா எல்லாரிடமும் சொல்லும் கதை ஒன்று உண்டு. அவள் இளவயதில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு படப்பிடிப்பு நடந்தது. வயலில் வேலை செய்துகொண்டிருந்த பெண்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊர்ப் பெரியவர் செத்துக் கிடக்கிறார், ஊர்ப் பெண்கள் மாரடித்து அழ வேண்டும், நடுவில் கதாநாயகி அழுவாள். அம்மா அழ ஆரம்பித்தவள், காட்சி முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. ஒலிபெருக்கி வைத்திருந்தவர் கத்தினாராம்: "அந்தப் பச்சைப் பொடவ, போதும்மா! ஓரமா நில்லு, ஹீரோயினை மறைக்கிற!" அம்மா இதைச் சொல்லிவிட்டு, "அவள விட நான் சோக்கா அழுதுட்டேன், அதான் அந்தாளுக்குப் பொறாமை" என்று முடிப்பாள். படம் வந்தபோது கொட்டகையில் போய்ப் பார்த்தாளாம். அவளுடைய முழங்கை மட்டும் தெரிந்ததாம். நான் சிறுமியாக இருந்தபோதிருந்து கேட்ட கதை. ஒவ்வொரு முறையும் சிரித்திருக்கிறேன்.

அதற்குப் பின்னால் இன்னொன்று இருந்தது என்பது என் தோழி எங்கள் வீட்டில் படுத்துக் கிடந்த நாளில்தான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு ஒரு பெரிய துக்கம் நேர்ந்திருந்தது. அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன், அது அவளுடையது. கணவன் வெளிநாட்டில் இருந்தான். நான் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து எங்கள் கூடத்தில் படுக்கவைத்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதுகொண்டே இருந்தாள். நான் சமையலறையில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா அவள் தலைமாட்டில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுவது கேட்டது.

"அழுவு கண்ணு, நல்லா அழுவு. அடக்கி வெக்காத. அந்த ஷூட்டிங்குல நான் இன்னாத்துக்கு அழுதேன்னு நெனச்ச? எனுக்கு மொதல்ல ஒரு ஆம்பளப் புள்ள பொறந்துச்சு. ஜொரம் வந்து பூட்ச்சு. ஊட்ல அழுதா எங்க மாமியா ஏசும், வயல்ல அழுதா வேல கெடும்னு மேஸ்திரி ஏசுவான். அங்கதான் அழுவுன்னு சொன்னாங்கோ. அழுதுட்டேன்."

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்து செத்தான் என்று தெரியும். ஆனால் அந்த அழுகை அவனுக்கானது என்று அம்மா என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். என்னிடம் சொல்லாததை அவளிடம் சொன்னதில் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. பிறகு, பரவாயில்லை, அவளும் இந்த வீட்டுப் பெண் மாதிரிதானே என்று தேற்றிக்கொண்டேன்.

அந்தப் பெண்தான் பொங்கலன்று மேடையில் நின்றாள். அவளே எழுதிய நாடகம். படித்த எஜமானியும் அவள் வீட்டு வேலைக்காரியும் சிநேகிதிகளாகும் கதை. வேலைக்காரி தான் சினிமாவில் நடித்த பெருமையைச் சொல்கிறாள். ஏரிக்கரை, பச்சைப் புடவை, ஓரமா நில்லு, முழங்கை எல்லாம் வந்தது. எஜமானியாக நடித்த பெண், "எதுக்குடி அப்படி அழுதே?" என்று கேட்டாள். என் தோழி வெற்றிலைச் சாற்றைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "காத்தால இருந்து ஒண்ணியும் துன்னலம்மா. பிரியாணி வாசன வந்துகினே இருந்துச்சா, கண்ணுல தண்ணி ஊத்திகிச்சு!"

கூட்டம் சிரிப்பில் அதிர்ந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் தொடையைத் தட்டினார். நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. தோள் அசையவில்லை.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, "நல்லாத்தான் பண்ணுச்சு அந்தப் பொண்ணு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நான் வெத்தல போட மாட்டேனே" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் மாடிக்குப் போய்க் கேட்டேன். சண்டை போடும் குரலில் கேட்கவில்லை. கேட்கத் தெரியாமல்தான் கேட்டேன். "அம்மாவோட அந்தக் கதைய ஏன் இப்படிப் பண்ணீங்க?"

அவள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். "ஏனுங்க, அம்மாவுக்குப் புடிக்கலையா? அவங்க மேல இருக்கிற பாசத்துலதானுங்க எழுதினேன். அந்தக் குழந்தை விஷயத்தை நான் தொடவே இல்லையே, கவனிச்சீங்களா? அதை வெச்சா சோகமாயிடும். ஜனங்க சிரிக்க மாட்டாங்க."

குழந்தையை எடுத்துவிட்டு அழுகையை மட்டும் வைத்துக்கொண்டாள். அதை எனக்குச் செய்த உபகாரம் போலச் சொன்னாள். என் உள்ளங்கால் வரைக்கும் சூடு இறங்கியது. ஆனாலும் நான் சிரித்தேன். "ஆமாமா, சரிதான்" என்றேன். அவள் கொடுத்த காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். மாடிப்படியில் வரும்போதே, இவளை விடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழியை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். கோடையில் ஆவடியில் குடியிருப்புகளுக்கு இடையே நாடகப் போட்டி என்று அறிவிப்பு வந்தது. அவள் அந்த நாடகத்தையே நீட்டி எழுதினாள். இந்த முறை எஜமானி வேடத்தைப் பெரிதாக்கி, அதைத் தனக்கு வைத்துக்கொண்டாள். வேலைக்காரிக்கு ஆள் தேடினாள்.

"நீங்க பண்ணுங்களேன்" என்று என்னிடம் வந்தாள். "நாங்க எல்லாம் பேசினா நடிப்பாத்தான் இருக்கும். உங்க வாய்ல வந்தா அசலா இருக்குமுங்க."

"சரி" என்றேன். உடனே சொன்னதில் அவளுக்கே வியப்பு. கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

கிளப் ஹவுஸில் ஒத்திகை. அவள் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் செய்தேன். வெற்றிலை போட்டேன், பல்லில் மை தடவினேன், புடவையைத் தூக்கிச் செருகினேன். பிரியாணி வசனத்தை அவள் கேட்ட இழுப்பில் இழுத்துச் சொன்னேன். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என் வசனங்களைவிட அவளுடையவற்றைத்தான் கருத்தாகப் படித்தேன். அவள் எந்த இடத்தில் மூச்சு வாங்குவாள், என் எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்த வசனத்துக்குத் தாவுவாள் என்று எல்லாம் மனப்பாடம். ஒத்திகையில் எனக்கு ஒன்று புரிந்தது. அந்த நாடகத்தில் அவள் பேசும் ஒவ்வொரு பேச்சும் என் பேச்சில் கால் ஊன்றித்தான் நின்றது. நான் எடுத்துக் கொடுக்காவிட்டால் அவளுக்கு நிற்க இடமில்லை.

கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து அதை நினைத்து நினைத்து ருசித்தேன். படங்களில் துரோகம் செய்த நண்பனைப் பழிவாங்கும்போது கதாநாயகன் பக்கம் பக்கமாகப் பேசுவான். நான் பேசப்போவதில்லை. அந்த எண்ணமே எனக்குச் சாப்பாட்டைவிட இனித்தது.

போட்டிக்கு அம்மாவை அழைத்துப் போகவில்லை. அவளுடைய வெளுத்த பருத்திப் புடவையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இஸ்திரி போட்டு, கணுக்கால் மறையக் கட்டினேன். தலையை வாரி முடிந்தேன். மேடை ஓரத்தில் என்னைப் பார்த்ததும் தோழி பதறினாள்.

"என்னங்க இது? பல்லு? வெத்தலை?"

"மேடையில போட்டுக்கறேன்" என்றேன். அதற்குள் திரை விலகிவிட்டது.

கூடம் நிறைந்திருந்தது. நான் ஒரு முறத்தில் முருங்கைக்கீரையை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்து உருவ ஆரம்பித்தேன். அவள் பட்டுப்புடவை சரசரக்க வந்து சோபாவில் உட்கார்ந்தாள்.

"ஏண்டி, நீ சினிமாவுல நடிச்சியாமே?"

இந்த இடத்தில் எனக்கு நீண்ட வசனம். கைகாலை ஆட்டிப் பேச வேண்டும்.

"ஆமாம்மா" என்றேன். கீரையை உருவினேன்.

அவள் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. சிரித்துச் சமாளித்தாள். "என்ன படம்? எங்க எடுத்தாங்க? சொல்லு சொல்லு."

"ஏரிக்கரையில."

"அங்க என்ன பண்ணினே?"

"அழுதேன்."

கூட்டத்தில் ஒரு சிலர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார்கள். அவள் கண் என்னைக் கெஞ்சியது. நாடகம் தெரிந்தவள் அல்லவா, கடைசியாகப் பிடித்துக்கொள்ள இருந்த வசனத்தைப் பிடித்தாள். "எதுக்குடி அப்படி அழுதே?"

நான் கீரையை வைத்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அம்மா பேசும் வேகத்தில், அம்மா பேசும் தாழ்ந்த குரலில் சொன்னேன்:

"உனுக்குத் தெரியுமேம்மா. நீ அழுதுகினு படுத்திருந்தப்போ, உன் தலமாட்ல ஒக்காந்து சொன்னேனே."

அவள் வாய் திறந்தபடி நின்றது. அவளுக்கு வசனம் இல்லை. எழுதியது எதுவும் இதற்குப் பின்னால் ஒட்டாது. எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "நான்... நான் மறந்துட்டேன்" என்றாள்.

"மறந்துட்டியா?" என்றேன்.

"அடிப்பாவி!" என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. அதைக் கேட்டதும் என் உடம்பெல்லாம் புல்லரித்தது. அதற்காகத்தான் அத்தனை மாதம் காத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுபடியும் கீரையை எடுத்துக்கொண்டேன். அவள் நெற்றியில் வியர்வை வழிந்து பவுடரைக் கரைத்தது. நடுவில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு நாடகத்தின் கடைசி வசனத்துக்கு ஓடினாள். "நீ வேலைக்காரி இல்லடி, என் தோழி!" என்று சொல்லிக்கொண்டு, கைகளை விரித்து என்னைக் கட்டிக்கொள்ள வந்தாள். நான் எழுந்து நின்று முறத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்தேன். அவள் விரித்த கையோடு நின்றாள். திரை விழுந்தது. கைதட்டல் ஓயவே இல்லை.

நான் நினைத்துப் பார்க்காதது அதன் பிறகு நடந்தது. நடுவராக வந்திருந்தவர் பழைய நாடகக்காரர். மைக்கைப் பிடித்து, இப்படி ஒரு துணிச்சலான எழுத்தைத் தான் பார்த்ததில்லை என்றார். எஜமானியின் சிநேகம் பொய் என்பதை ஒரு கீரை முறத்தால் காட்டிவிட்ட எழுத்து என்றார். சிறந்த நாடக ஆசிரியர் பரிசு என் தோழிக்கு.

நான் அடித்த அடி அவளுக்கு மாலையாக விழுகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இல்லை, இது நான் எழுதியது இல்லை என்று அவள் சொல்லிவிடுவாளோ என்றும் ஒரு கணம் பயந்தேன். சொல்லியிருந்தால் அவளை வெறுப்பது எனக்குக் கஷ்டமாகியிருக்கும். அவள் மேடையேறினாள். கேடயத்தை வாங்கினாள். மைக்கில், "ரொம்ப நன்றிங்க" என்றாள்.

எங்கள் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள் எல்லாருக்கும் பொங்கல் நாடகம் நினைவிருந்தது. ஒத்திகை பார்த்தவர்களும் இருந்தார்கள். திரும்பி வரும் வேனில் யாரும் அவளைப் பாராட்டவில்லை. அவள் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். யாரோ எடுத்த வீடியோ அன்று மாலையே குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் வந்தது. "எழுத்தாளர் மேடத்துக்கு வாழ்த்துகள்" என்று ஒருவர் போட்டார். அடுத்தவரும் அதையே போட்டார். நானும் பூங்கொத்துப் படத்தோடு "வாழ்த்துகள்" என்று போட்டேன். நடந்ததையும் வீடியோ வந்ததையும் அம்மாவிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் காலை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. அம்மா கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலுக்கு வந்தவர் யாரானாலும் உட்காரச் சொல்லிக் காப்பித் தண்ணி கொடுக்காமல் அனுப்பாதவள், அன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

"இத்தனை பேருக்கு முன்னாடி இப்படிப் பண்ணிட்டீங்களே" என்றாள் தோழி. "என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமுங்களே."

"நேராத்தான் சொன்னேன். ஜனங்க சிரிக்க மாட்டாங்கன்னீங்க."

"நான் வேணும்னு பண்ணலைங்க. சத்தியமா."

"தெரியும்" என்றேன். "வேணும்னு பண்ணியிருந்தா எனக்கு இவ்ளோ கோவம் வந்திருக்காது."

அவள் அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. எனக்கு இரக்கம் வரும் என்று நானே எதிர்பார்த்தேன், வரவில்லை. கதவைப் பிடித்தபடி அவள் போகும்வரை நின்றேன். போனதும் அம்மா டிவியை நிறுத்தினாள்.

"அந்த வீடியோ உன் போன்ல கீதா?" என்று கேட்டாள்.

போட்டுக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முடிந்ததும், "பொம்பள ஒண்ணு கத்துச்சு பாரு, அந்த எடத்த இன்னொரு வாட்டி போடு" என்றாள். போட்டேன். மறுபடியும் கேட்டாள். அந்த வாரம் முழுக்க, நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே போனுக்குக் கையை நீட்டுவாள்.

அந்த வருடத்துக்குப் பிறகு என் தோழி நாடகம் எதுவும் போடவில்லை. இன்னும் நான்காவது மாடியில்தான் இருக்கிறாள். பொதுவான சிநேகிதி ஒருத்தி இரண்டொரு முறை தூது வந்தாள். "பாவம்ப்பா, அவளுக்கு இங்க வேற யாரு இருக்கா?" என்றாள். "எனக்கும்தான் வேற யாரும் இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது உண்மை. அவளுக்குப் பிறகு யாரோடும் சேர்ந்து நான் படம் பார்க்கப் போனதில்லை.

போன மாதம் அம்பத்தூரில் ஒரு தியேட்டரில் அவளைப் பார்த்தேன். தனியாக வந்திருந்தாள். இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. ஓர் அடி விலகி, "நீங்க முன்னாடி வாங்க" என்று வழிவிட்டாள்.

நான் முன்னால் போய் வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை. உள்ளே போய் என் இடத்தில் உட்கார்ந்து மீதிப் படத்தைப் பார்த்தேன்.